வண்டியோட்டிக்கு வாய்த்த துணைகள்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மாலை, நான் கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். காரை ஓட்டியவர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சரித்திரம் படித்த மாணவர். சரித்திரத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்களை இங்கே சொல்வது முறையன்று. பிறகு இரசாயனம் படித்து, இன்று சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பொறுப்பான வேலையில் இருக்கிறார். கார் புதியது, வாங்கி மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. முன்னே போகும் வண்டியை ரேடாராலும் காமிராவாலும் கண்டு, தக்க இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்லும். சாலையில் இட்ட வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, அவற்றைத் தாண்டாதபடி ஸ்டியரிங்கைத் தானே திருப்பிக்கொள்ளும். மோதல் நேரும் போலிருந்தால் மணியடித்து எச்சரிக்கும். அப்போதும் ஓட்டுகிறவர் அசையாவிட்டால் தானே பிரேக் போடும். இத்தனைக்கும் சேர்த்துக் கார்க்காரர்கள் ‘ஏடாஸ்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநருக்கு உதவும் கருவிகளின் தொகுதி என்பது அதன் பொருள்.

கடலூர் முதுநகரைக் கடந்து தெற்கே வந்தால், உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்குகிறது. 1971-இல் தமிழக அரசு நிறுவிய கழகம், 1980-களில் இங்கே அமைத்த பேட்டை அது. அந்த வழியை அறிந்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. இரசாயனச் சரக்கு ஏற்றிய டாங்கர் லாரிகள், ஷிப்டு முடிந்து தொழிலாளர்களை வீடு சேர்க்கும் பேருந்துகள், எதிர்ப்பக்கமாகவே வரும் மோட்டார் சைக்கிள்கள், சாலை யாருடையது என்ற ஐயமே இல்லாத ஆடுகள், இவ்வளவும் அந்த மாலை நேரத்தில் ஒன்றாக வந்து சேரும்.

“ஐயா, இனி நான் வெறும் பார்வையாளன்தான். எல்லாவற்றையும் வண்டியே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லி, என் மாணவர் வேகத்தை எண்பது கிலோமீட்டர் என்று குறித்துவிட்டுக் கால்களை மடக்கி வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து சற்று மெதுவாகப் போயிற்று. கார் அதற்கு அடங்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பழகிய மாடு போலப் பின்னால் சென்றது. நானுங்கூட வியந்து பாராட்டினேன். திடீரென்று பேருந்து வலப்புறம் ஒதுங்கிற்று. உடனே எங்கள் கார், முன்னிருந்த தடை நீங்கிவிட்டது என்று எண்ணியது போல வேகத்தைக் கூட்டத் தொடங்கியது. பேருந்து ஏன் ஒதுங்கிற்று என்பது அடுத்த கணம் தெரிந்தது. பின்விளக்கு எரியாத ஒரு டாங்கர் லாரி சாலையிலேயே நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை மணி அடித்ததும், அவருடைய கால் பிரேக்கை மிதித்ததும் ஒன்றாகவே நிகழ்ந்தன. லாரியின் பின்புறத்தில் எழுதியிருந்த ‘அபாயம்’ என்ற சொல்லை நான் நிதானமாக வாசிக்கக்கூடிய தூரத்தில் கார் நின்றது.

சற்றுத் தொலைவு சென்று, ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். காரோடு கொடுத்த புத்தகத்தை அப்போதுதான் அவர் முதல்முறையாகத் திறந்தார். நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைக் கருவி அறியாமற் போகலாம் என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருந்தது.

“இவ்வளவு பெரிய லாரி எப்படி ஐயா தெரியாமல் போகும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விடை சற்று விந்தையானது. லாரி தெரியாமலில்லை, தெரிந்ததைக் கருவி பொருட்படுத்தவில்லை. ரேடார் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்பும்போது, அப்பொருள் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை எளிதாகக் கண்டுகொள்ளலாம். ஆனால் சாலையில் நிற்கும் பொருள்கள் எண்ணிறந்தவை. பாலத்தின் கைப்பிடிச் சுவர், ஊர்ப் பெயர்ப் பலகை, மேம்பாலத்தின் அடிப்பாகம், விளக்குக் கம்பம் ஆகிய எல்லாமே ரேடாருக்கு நிற்கும் பொருள்களே. ஒவ்வொன்றுக்கும் அஞ்சினால் கார் காரணமின்றி நடுச்சாலையில் நின்று நின்று போகும். பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். ஆகவே, வேகமாகச் செல்லும்போது நிற்கும் பொருள்களைப் பெரும்பாலும் தள்ளிவிடுமாறு பல கருவிகளை அமைத்திருக்கிறார்கள். காமிராவும் உறுதி சொன்னால்தான் பிரேக் விழும். மங்கிய மாலையில், பின்விளக்கில்லாத லாரியைப் பற்றிக் காமிரா உறுதி சொல்லச் சிறிது காலம் பிடிக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஓட்டுகிறவர் விழிப்பாயிருந்து நல்ல பிரேக்கை மிதித்தால்கூட, வண்டி நிற்பதற்கு அறுபது மீட்டர் அளவு வேண்டும்.

நாங்கள் தேநீர் அருந்திய இடம் செம்மங்குப்பத்திற்கு அருகில். அந்தப் பெயரை அந்நாட்களில் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருந்தது. ஒரு மாதத்திற்கு முன், 2025 ஜூலை 8-ஆம் நாள் காலையில், அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்த ஒரு பள்ளி வேனின் மீது விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற ரயில் மோதிற்று. மாணவர்கள் மூவர் இறந்தார்கள். அடைத்திருக்க வேண்டிய கேட் திறந்திருந்தது. அந்தக் கேட்டுக்கு இன்டர்லாக்கிங் இல்லை.

இன்டர்லாக்கிங் என்ற சொல்லை விளக்கவேண்டும். அது இல்லாத கேட்டில், ரயில் வருவதை நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்ல, காவலர் கேட்டை அடைத்து, அடைத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக ஓர் இரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும். கேட்டுக்கும் சிக்னலுக்கும் இடையே உள்ள தொடர்பெல்லாம் இரண்டு மனிதரின் சொல்தான். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டிலோ, கேட்டை அடைத்துப் பூட்டினாலொழிய ரயிலுக்குச் சிக்னல் விழாது. சிக்னல் விழுந்தபின் கேட்டைத் திறக்க நினைத்தாலும் திறக்க முடியாது. தவறு செய்ய முடியாதபடி கையைக் கட்டிவிடும் துணை அது. அந்த விபத்துக்குப் பிறகு, கேட்டுகளில் கண்காணிப்புக் காமிராக்கள் அமைக்கவும், இன்டர்லாக்கிங் வேலையை விரைவுபடுத்தவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது.

காரைப் பற்றிப் பேச வந்தவன் ரயிலைப் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ணாதீர்கள். கார் செய்கிறவர்கள் இன்று பட்டறிந்து கற்கும் பாடங்களை ரயில்வேக்காரர்கள் நூறாண்டுக்கு முன்பே உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். சரித்திர ஆசிரியன் புகுந்து பேச இடமிருப்பதும் இங்கேதான்.

சிக்னல்களையும் தண்டவாளம் மாற்றும் முளைகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் உரிமத்தை 1856-இல் இங்கிலாந்தில் பெற்றவர் ஜான் சாக்ஸ்பி. அவர் ஒரு ரயில்வேயில் தச்சு வேலை பார்த்தவர். ஆனாலும், அது சட்டமாவதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1889 ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கருகே, ஞாயிறு வேதப் பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில் ஒரு மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த வண்டியில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே குழாயால் இணைத்து இயக்கும் பிரேக் இருந்தது. ஆனால் குழாயைக் கழற்றினால் பிரேக் விட்டுப்போகும் வகையைச் சேர்ந்தது அது. கழற்றினார்கள். பின்பாதி சரிவில் உருண்டோடிப் பின்னால் வந்த ரயிலின் மீது மோத, எண்பது பேர் மாண்டார்கள், பலர் குழந்தைகள். அந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கும், இன்டர்லாக்கிங்கும் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாயின. கருவி வேலை செய்யும்போது எப்படியிருக்கிறது என்பதோடு, அது வேலையை நிறுத்தும்போது என்ன ஆகிறது என்பதையும் கேட்கும் வழக்கம் அன்று முதல் வலுப்பெற்றது.

அடுத்த துணை, எஞ்சின் ஓட்டுநரின் காதருகே வந்தது. எச்சரிக்கைச் சிக்னலை நெருங்கும்போது அவர் அறையில் ஒரு கொம்பொலி எழும். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தி, ‘கேட்டேன்’ என்று தெரிவிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். 1952 அக்டோபர் 8-ஆம் நாள் லண்டனுக்கருகே ஹாரோ நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்த பிறகு, இந்த ஏற்பாடு பிரிட்டன் முழுவதும் பரவியது. அநேக விபத்துக்களை அது தடுத்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் மனிதனின் இயல்பைப் பாருங்கள். நெருக்கமான புறநகர்ப் பாதையில் ஓட்டுநருக்குப் பல சிக்னல்கள் எச்சரிக்கையாகவே வரும். ஒவ்வொரு முறையும் கொம்பு ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் கை பொத்தானை அழுத்தும். நாளடைவில் கை மட்டுமே கேட்கும், மனம் கேட்பதில்லை. 1989 மார்ச்சு 4-ஆம் நாள் பர்லி என்ற இடத்தில் ஒரு ரயில் எச்சரிக்கைகளையும் கடந்து, சிவப்பையும் கடந்து, முன்சென்ற ரயில் மீது மோதியது. ஐவர் இறந்தனர். கருவி ஒலித்தது, ஓட்டுநர் பொத்தானையும் அழுத்தியிருந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அதே சிக்னலை அதற்கு முன்பும் பலமுறை ரயில்கள் தாண்டிச் சென்றது பின்னர் வெளிப்பட்டு, 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. தனி மனிதனின் கவனக்குறைவு என்று எழுதி மூடிய ஏட்டைத் திறந்து பார்த்தால், அந்தக் கவனக்குறைவு விளைவதற்கேற்ற இடமும் அங்கே இருந்திருக்கிறது.

1997 செப்டம்பர் 19-ஆம் நாள் சௌத்தாலில் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்த எக்ஸ்பிரஸ் வண்டியில் எச்சரிக்கைக் கருவி பழுதாகி, அதைத் துண்டித்து வைத்திருந்தார்கள். பழைய காலத்து ஓட்டுநர் கருவியே இல்லாமல் கண்ணால் பார்த்து ஓட்டியவர்தாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கொம்பொலிக்குப் பழகிய காது, அது ஒலிக்காத அமைதியை ‘வழி சரி’ என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு எச்சரிக்கைச் சிக்னல்கள் கவனிக்கப்படாமல் கழிந்தன. சிவப்பைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. எழுவர் இறந்தனர்.

இனிக் காருக்கு வருவோம். காரோட்டிக்குத் துணையாக வந்த முதற் கருவிகளுள் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் கண் தெரியாது என்றால் நம்புவீர்களா? ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் குரூஸ் கண்ட்ரோலுக்கு அவர் 1945-இல் உரிமம் கோரி, 1950-இல் பெற்றார். அவருடைய வழக்கறிஞர் பேசும்போது காரை மெதுவாகவும், கேட்கும்போது வேகமாகவும் ஓட்டுவாராம். அந்தக் குலுக்கல் பொறுக்காமல் இந்தக் கருவியை எண்ணினார் என்று சொல்வதுண்டு. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் இம்பீரியல் காரில் பொருத்தி விற்றது. விற்கும்போது வைத்த பெயர் ‘ஆட்டோ பைலட்’! ஒரே வேகத்தில் ஓட மட்டுமே தெரிந்த கருவிக்கு, தானே விமானம் ஓட்டும் கருவியின் பெயர். பெயருக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மை அன்றே பிறந்துவிட்டது.

1978-இல் பென்ஸ் காரில் வந்த ஏபிஎஸ் பிரேக் மிக நல்ல கருவி. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ஆனால் 1980-களில் மூனிக் நகரத்து டாக்சிகளில் பாதிக்கு மட்டும் அதைப் பொருத்திச் சோதித்தபோது, அந்த டாக்சிகளின் விபத்து எண்ணிக்கை மற்றவற்றைவிடக் குறையவில்லை. பிரேக் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் டிரைவர்கள் நெருக்கமாகவும் வேகமாகவும் ஓட்டினார்களாம்.

2016 மே 7-ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்தது நம் சாலைகளுக்கு மிகவும் பொருந்தும். டெஸ்லா காரில் அந்தப் பழைய ‘ஆட்டோபைலட்’ என்ற பெயரையே தாங்கிய கருவி வேலை செய்துகொண்டிருந்தது. குறுக்கே திரும்பிய ஒரு நீண்ட லாரியின் வெண்ணிறப் பக்கம் வானத்தின் பிரகாசத்தோடு கலந்து நின்றது. காரும் பிரேக் போடவில்லை, ஓட்டியவரும் போடவில்லை. அவர் இறந்தார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, ஓட்டியவர் கருவியை அளவுக்கு மீறி நம்பியதைச் சொன்னது. அதோடு நில்லாமல், குறுக்குச் சாலைகள் இல்லாத பெருவழிகளுக்கென்று வகுத்த கருவியை எந்தச் சாலையிலும் இயக்க விட்டிருந்ததையும் குறை கூறியது. கடலூர், சிதம்பரம் வழியில் எத்தனை குறுக்குச் சாலைகள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, இக்கருவிகளே வேண்டாம் என்று முடிவு கட்டுவீர்களானால், என்னைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். எந்த உதவியையும் உதறித் தள்ளும் நிலையில் நாம் இல்லை. கடைசி நொடியில் தானே பிரேக் போடும் கருவி, முன்வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துக்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. அதே நிறுவனம் 2024-இல் இன்னொன்றையும் சொன்னது: இடைவெளியையும் கோட்டையும் தானே பார்த்துக்கொண்டு ஓடும் கருவிகளால் விபத்து குறைகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு, அவற்றை வசதிக்கான சாதனங்களாகக் கொள்ளலாம் என்றது.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலாவது, நாம் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்க்கும் துணை. நாம் தவறினால் கை கொடுக்கும். இரண்டாவது, நம் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு, நம்மை மேற்பார்வையாளராக்கி விடும். மேற்பார்வை எளிது என்று நினைக்கிறோம். ஒன்றுமே நடவாத ஒன்றை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது மனித மனத்திற்கு மிகக் கடினமான வேலை. தேர்வு மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களைக் கேளுங்கள். ஓட்டுநர் உதவியை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்து 2014-இல் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் ஓர் அட்டவணை வெளியிட்டது. 2020, 2021-ஆம் ஆண்டுகளிலிருந்து நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஏடாஸ் கார்கள் அதில் 1, 2 ஆகிய படிகளைச் சேர்ந்தவை. அந்தப் படிகளில் ஓட்டுகிறவர் மனிதரே, சட்டப்படியும் அவரே.

நம் ஊர்க் கேட்டுக்கு மீண்டும் வருகிறேன். காவலர் இல்லாத ரயில் கேட்டைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கிச் சென்று இரு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அத்தகைய காவலில்லாத கேட்டுகளை அகல இரயில்பாதைகளில் 2019 ஜனவரிக்குள் அறவே ஒழித்துவிட்டார்கள். பெரும் சாதனைதான். காவலர் வந்தார், இறங்கிப் பார்க்கும் வழக்கம் போயிற்று. காவலர் என்ற துணையை நாம் நம்பினோம். அந்தத் துணைக்குத் துணையாக இருக்க வேண்டிய இன்டர்லாக்கிங் செம்மங்குப்பத்திற்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

இவ்வாண்டு பொங்கலுக்கு என் மாணவர் வீட்டிற்கு வந்திருந்தார். அதே கார்தான். தானே பிரேக் போடும் கருவியை அவர் நிறுத்துவதில்லை. தொழிற்பேட்டைப் பகுதிக்குள் நுழையும்போது இடைவெளி பார்த்து ஓடும் கருவியை மட்டும் நிறுத்திவிட்டு, காலைப் பிரேக்கின் அருகிலேயே வைத்துக்கொள்கிறாராம். புத்தகத்தையும் முழுவதும் படித்துவிட்டார். எந்தப் பக்கத்தில் என்ன எச்சரிக்கை என்று எனக்கே பாடம் சொன்னார். அவர் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள்; நாள்தோறும் பள்ளி வேனில் ஒரு ரயில்வே கேட்டைக் கடந்து போகிறாள். வேன் ஓட்டுநரிடம் போய், கேட்டருகே நிறுத்தி, இறங்கி இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டாராம்.

“கேட் திறந்திருந்தாலுமா சார்?” என்று ஓட்டுநர் கேட்டாராம்.

“திறந்திருந்தால்தான்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.